பற்று எழுதிக்குங்கண்ணே!

செல்போனுக்கு உறை வேண்டுமா, செருப்பு வேண்டுமா, பெரியாத்தாவின் முழங்காலுக்குத் தைலம் வேண்டுமா? அரியலூரில் திண்ணையில் சாய்ந்தபடி கட்டைவிரலால் தட்டினால் போதும். மூன்றாம் நாள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. ஓ.டி.பி. சொல்லி வாங்கிக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா? அதே மோட்டார் சைக்கிளில் திருப்பி அனுப்பிவிடலாம்.

சிமென்ட் அப்படியில்லை சார். ஒரு மூட்டை 50 கிலோ. அந்த மோட்டார் சைக்கிள் தம்பியின் முதுகில் அதை ஏற்றிவிட்டால் பார்சல் நம் வீட்டுக்கு வராது, பையன் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போவான். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமாராக நானூறு மூட்டை என்பது மேஸ்திரிகளின் வாய்ப்பாடு. அதாவது இருபது டன். தண்ணீர் ஊற்றிக் குழைத்த பிறகு "கலர் பிடிக்கவில்லை, ரிட்டர்ன்" என்று சொல்லவும் முடியாது.

இருந்தும் வீடு கட்டுகிற தொழிலுக்குள் ஆன்லைன் வியாபாரம் நுழைந்துவிட்டது. முன்வாசல் வழியாக வரும் என்று பெரிய மனிதர்கள் எதிர்பார்த்தார்கள். அது கொல்லைப்புறம் வழியாக வந்து, யாரும் கவனிக்காத ஒரு மடியில் கை வைத்திருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு மனையடி சாஸ்திரம் தெரியாது. ஆனால் யாருடைய லாபம் யாருடைய பாக்கெட்டுக்குப் போகிறது என்று மோப்பம் பிடிக்க மட்டும் மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர், அரியலூர் என்று இரண்டு மாவட்டங்கள். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடி தனிக்குடித்தனம். மாமியாரும் மருமகளும்கூட இத்தனை தடவை பாத்திரம் பிரித்திருக்கமாட்டார்கள்.

அரியலூர்ப் பக்கம் சில கோடி வருஷங்களுக்கு முன்னால் கடலாக இருந்தது. நத்தையும் சிப்பியும் செத்துச் செத்துச் சேர்ந்ததெல்லாம் சுண்ணாம்புக்கல். அதைத் தேடிக்கொண்டு வந்த ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. 1979-லிருந்து அரசாங்கத்தின் டான்செம். கோவிந்தபுரத்தில் ராம்கோ, கீழப்பழுவூரில் செட்டிநாடு, ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக், டால்மியா, தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ் (அதுவும் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது). சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியில் எங்கள் ஊர் வேப்பமரங்களுக்கு வருஷம் முழுக்க வெள்ளையடித்த கோலம்.

"அப்போ உங்களுக்கெல்லாம் சிமென்ட் சல்லிசாக் கிடைக்குமே?" என்று மெட்ராஸ் நண்பர்கள் கேட்பார்கள். திருப்பதியில் குடியிருப்பவனுக்கு லட்டு இலவசமா என்ன? ஆலை வாசலில் போய் நின்று "பத்து மூட்டை போடுங்க" என்று கேட்டால் வாட்ச்மேன் ஒரு பார்வை பார்ப்பார். ஆலை லாரி கணக்கில் டீலருக்குத்தான் அனுப்பும். பத்து மூட்டை வேண்டுமென்றால் கடைத்தெருவுக்குத்தான் வரவேண்டும்.

இந்த டீலரைத் தாண்டிவிடவேண்டும் என்பது வீடு கட்டுகிறவன் அத்தனை பேருக்கும் இருக்கிற ஆசை. என் சித்தப்பா மகன் பெரம்பலூர் துறைமங்கலம் பக்கம் வீடு கட்டுகிறான். போன வருஷம் ஒருநாள் வந்து, "அண்ணே, கடைக்காரங்க எல்லாம் கூட்டுச் சேர்ந்து அடிக்கிறாங்க. கம்பியை நேரா கம்பெனிக்கே ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டேன். இடையில ஒரு பய கிடையாது" என்றான். முகத்தில் அமெரிக்காவைக் கண்டுபிடித்த பெருமை.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"சார், கம்பி ஆர்டர் போட்டிருந்தீங்கல்ல, டெலிவரி எங்க எறக்கணும்?"

"நீங்க கம்பெனியிலேர்ந்தா பேசறீங்க?"

"இல்ல சார், பெரம்பலூர்லேர்ந்துதான். முந்தாநாள் கடைக்கு வந்து விலை கேட்டுட்டு, ஜாஸ்தின்னு சொல்லிட்டுப் போனீங்களே, நீலச் சட்டை... நாந்தான்."

தம்பியின் ஆர்டர் பெரம்பலூரில் கிளம்பி, ஏதோ ஒரு பெருநகரத்துக் கம்ப்யூட்டரைத் தரிசித்துவிட்டு, காசிக்குப் போய்த் திரும்பியவர் மாதிரி அதே தெருவுக்கு வந்துசேர்ந்திருந்தது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஏற்பாடே அதுதான். டாடா ஸ்டீலின் 'ஆஷியானா' மாதிரியான தளங்களில் விலையைத் திரையில் பார்த்து, பணத்தைக் கட்டி, வாங்குகிற இடத்துக்குப் பக்கத்து டீலர் மூலமாகவே பொருளை இறக்குகிறார்கள். கம்பியும் சிமென்ட்டும் தூக்குகூலியில் வாழ்கிற பொருட்கள். பக்கத்தில் இருப்பதுதான் மலிவு. இது இன்று நேற்று வந்த சட்டமில்லை. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது, கல்லுக்காக ரொம்ப தூரம் அலையவில்லை. பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது. ராஜேந்திர சோழன் எழுப்பிய மதிலிலிருந்து கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து டீலர்!

டீலர் ஒழிந்தான் என்று முதலில் கொட்டு முழக்கியவன் அமெரிக்காக்காரன். 1999-ல் 'பஸ்ஸா' என்று ஒரு கம்பெனி. ஆட்டோடெஸ்க் என்கிற வரைபட சாஃப்ட்வேர் கம்பெனி பெற்ற பிள்ளை. பெயருக்கு அர்த்தம் இயந்திர ரம்பம். ஆர்க்கிடெக்ட், இன்ஜினீயர், கான்ட்ராக்டர், ஆணி விற்கிறவன் எல்லாரையும் ஒரே இணையக் கூடாரத்தில் உட்காரவைத்து, வரைபடம், டெண்டர், கொள்முதல் எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடுவோம் என்றார்கள். அந்த மாதிரி ஏகப்பட்ட கம்பெனிகள் அப்போது மழைக்காளான். டாட்காம் குமிழி உடைந்ததும் 2001-ல் பஸ்ஸாவை ஆட்டோடெஸ்க்கே திரும்ப வாங்கி மடியில் போட்டுக்கொண்டது. வரைபடங்களைப் பகிர்ந்துகொள்வது பிழைத்துக்கொண்டது. செங்கல் வியாபாரம் செங்கல் சூளையிலேயே இருந்துவிட்டது.

அதே 2001-ல் இந்தியாவில் டாடா ஸ்டீலும் செயிலும் சேர்ந்து 'மெட்டல்ஜங்ஷன்' ஆரம்பித்தன. இன்றைக்கும் 'எம்ஜங்ஷன்' என்ற பெயரில் நடக்கிறது. காரணம், அங்கே வாங்குகிறவர் டன் டன்னாக வாங்குகிற ஆசாமி. நூறு கிலோ கம்பிக்கு வந்து நிற்கிற என் தம்பி இல்லை.

தமிழ்நாட்டு அரசாங்கமும் இரண்டு தடவை டீலரைத் தாண்டிப் பார்த்தது. 2015-ல் அம்மா சிமென்ட், மூட்டை 190 ரூபாய். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, கிடங்கில் பணம் கட்டி, வண்டி பிடித்து நாமே எடுத்துவரவேண்டும். 2017-ல் ஆற்று மணலுக்கு இணையப் பதிவு. கொள்ளிடத்து மணலுக்கு ரயில் டிக்கெட் மாதிரி முன்பதிவு என்றதும் லாரிக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் எம்-சாண்ட். கல்லை உடைத்துத் தூளாக்குவதற்கு வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது.

விலை தெரிந்துகொண்டதால் லாபமில்லையா? உண்டு. கடைக்குப் போகுமுன்பே இன்றைய கம்பி விலை கையில் இருக்கிறது. கடைக்காரர் கிலோவுக்கு நாலு ரூபாய் ஏற்றிச் சொன்னால் போனைக் காட்டலாம். சிமென்ட்டில் அந்த ஜம்பம் அவ்வளவு பலிக்காது. எல்லா பிராண்டும் விலையில் கைகோத்துத்தான் நடக்கின்றன. 2012-ல் இந்தியப் போட்டி ஆணையம், பதினோரு சிமென்ட் கம்பெனிகள் பேசிவைத்து விலை வைத்ததாகச் சொல்லி 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. கம்பெனிகள் மறுத்து அப்பீலுக்குப் போயின. சிமென்ட் விலையில் கண்கூடாக ஒரு மாற்றம் வந்தது 2025 செப்டம்பரில்தான். 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 18 ஆகியது. அதுவரை சிகரெட்டும் சிமென்ட்டும் ஒரே வரி அடுக்கில் குடியிருந்தன.

ஆன்லைன் உண்மையிலேயே ஜெயித்த இடம் வேறு. பிளான்!

முன்பெல்லாம் எங்கள் பக்கம் வீட்டுக்கு பிளான் என்றால் மேஸ்திரி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கீறுவார். "இது ஹாலு, இது அடுப்பங்கரை, இதுல பொண்டாட்டி, இதுல சாமி." முடிந்தது. இன்றைக்கு முப்பதுக்கு நாற்பது கிழக்கு பார்த்த மனை என்று தட்டினால் நூறு பிளான் கொட்டுகிறது. சதுர அடிக்கு இத்தனை என்று காசு கட்டினால் எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் வாஸ்து பார்த்து முப்பரிமாணப் படத்தோடு அனுப்பிவிடுகிறான். படத்தில் வாசலில் கார், புல்வெளி, நாய்க்குட்டி சகிதம். மனையில் கருவேல முள்.

எலிவேஷன் படங்களைப் பார்த்துத்தான் கொத்தனார்கள் வெயிலில் மயங்காமல் இதில் மயங்குகிறார்கள். உறவுக்கார அத்தை ஒருவர் காட்டிய படத்தில் கூரை செங்குத்தாகச் சரிந்து நின்றது. பனி வழுக்கி விழுவதற்காக அப்படி வைக்கிறார்கள். பெரம்பலூரில் பனி எங்கே பெய்கிறது? மாசியிலேயே மண்டை காய்கிறது. மேஸ்திரி ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "கட்டலாங்க ஆத்தா. வடாம் எங்க காயவைப்பீங்க?" என்று கேட்டார். அத்தை மொட்டை மாடிக்குத் திரும்பிவிட்டார்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறவர்கள் பெரம்பலூர்ப் பக்கம் நிறைய. அவர்களுக்கு இது பெரிய வரம். துபாயில் இருந்துகொண்டே டைல்ஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வீடியோ காலில் சென்ட்ரிங் கம்பியை எண்ணுகிறார்கள். "அந்த மூலையில காட்டு... கம்பிக்குக் கம்பி ஆறு இஞ்ச் இருக்கா? டேப்பை வெச்சுக் காட்டு" என்று பாலைவனத்திலிருந்து குரல் வருகிறது. மேஸ்திரி போனைப் பிடித்தபடி சாரத்தில் தொங்குகிறார்.

அனுமதியும் ஆன்லைன்தான். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்றுத் திட்டம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ இருந்தால், விவரங்களை இணையத்தில் ஏற்றி, பணம் கட்டி உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நகராட்சி அலுவலகத்து மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. மரத்தடி டீக்கடைக்குத்தான் நஷ்டம்.

கம்பெனிகள் செய்த இன்னொரு காரியத்தில் ரொம்பப் பேருக்குக் கவனமில்லை. அவர்கள் ஆன்லைனில் முதலில் பிடித்தது வீட்டுக்காரரை அல்ல, வேலைக்காரரை. முன்பு பெயின்ட் டப்பாவுக்குள் டோக்கன் போட்டிருப்பார்கள். மூடியைத் திறந்ததும் பெயின்டர் முதலில் தூரிகையைத் தேடமாட்டார், டோக்கனைத் தேடுவார். இப்போது டப்பாவில் க்யூ.ஆர். கட்டம். பெயின்டர் தன் செல்போனில் காட்டினால் பாயின்ட் ஏறும், பாயின்ட் பணமாகும். கொத்தனார், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் என்று ஆளுக்கொரு ஆப். "இந்த கம்பெனிதான் சார் நின்னு பேசும்" என்று உங்கள் பிளம்பர் சத்தியம் செய்தால், அவர் பாக்கெட்டிலும் ஏதோ ஒன்று நின்று பேசுகிறது என்று கொள்க. நான் குறை சொல்லவில்லை. வெயிலில் நிற்கிறவருக்கு நாலு காசு வந்தால் வரட்டும். காசு கொடுக்கிறவருக்கு அது தெரிந்திருந்தால் சரி.

இப்போது அந்த மடிக்கு வருகிறேன்.

அரியலூரில் எனக்குப் பழக்கமான ஒரு கடை. சிமென்ட், கம்பி, பெயின்ட், பைப், குழாய், ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. முதலாளி பெரியவர். பெயர் வேண்டாம் என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் நீளமான நோட்டு. எங்கள் பாடத்தில் டெபிட் என்பதைத் தமிழில் பற்று என்பார்கள். அந்த நோட்டு முழுக்கப் பற்று. "அண்ணே, அஞ்சு மூட்டை எழுதிக்குங்க. பருத்தி போட்டதும் தரேன்." "மக்காச்சோளம் வித்ததும் தரேன்." "சீட்டு எடுத்ததும் தரேன்." "மச்சான் சவூதியிலேர்ந்து அனுப்பினதும் தரேன்."

பிரதம மந்திரி வீடு கட்டும் திட்டம், கலைஞரின் கனவு இல்லம் போன்றவற்றில் வீடு கட்டுகிறவர்களும் அந்த நோட்டில் இருக்கிறார்கள். அரசாங்கம் பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கிறது. அஸ்திவாரம் எழும்பினால் ஒன்று, மேலே போனால் அடுத்தது. ஆக, முதலில் கட்டு, பிறகு காசு என்கிறது சர்க்கார். முதலில் காசு, பிறகு பொருள் என்கிறது ஆன்லைன். நடுவில் இருக்கிற பள்ளத்தை நிரப்புவது அந்த நோட்டு.

"சிமென்ட்ல எனக்கு என்ன தம்பி நிக்குது? மூட்டைக்கு டீக்காசு. அதையும் பற்றுல போட்டா வட்டிக்கே சரி" என்றார் பெரியவர்.

"அப்புறம் ஏன் கடன் கொடுக்கறீங்க?"

"சிமென்ட் வாங்க வர்றவன்தானே குழாயும் வாங்குவான்?"

ஒரு செமஸ்டர் காஸ்ட் அக்கவுன்டன்சி அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. கடையில் லாபம் வைப்பது குழாய், சுவிட்ச், தாழ்ப்பாள், ஷவர், வாஷ்பேசின் எல்லாம். அந்த லாபம்தான் சிமென்ட் கடனைத் தாங்குகிறது. குழாய்க்கு எடை கிடையாது. அட்டைப்பெட்டியில் அடங்கும், மோட்டார் சைக்கிளில் வரும். ஆன்லைன்காரன் எதைத் தூக்கிக்கொண்டு போனான்? குழாயை! இருபது டன் சிமென்ட்டைப் பெரியவர் தலையிலேயே விட்டுவிட்டான்.

என் தம்பியைப் போன்ற சம்பளக்காரனுக்கு இதில் கஷ்டமில்லை. குழாயில் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம், சிமென்ட்டுக்கு ரொக்கம் இருக்கிறது. கட்டுமானப் பொருளுக்கு ஆன்லைனிலும் கடன் கொடுக்கிறார்கள்தான். ஆனால் அது ஜி.எஸ்.டி. நம்பரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் காட்டுகிற கான்ட்ராக்டருக்கு. பருத்தியைக் காட்டி யாரும் ஆப்பில் கடன் வாங்கமுடியாது. நோட்டு மூடினால் முதலில் நிற்பது ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, லிண்டல் வரை எழுப்பிவிட்டு, ஐப்பசி மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரின் சுவர்.

பெரியவர் கடையில் நோட்டு இன்னும் மூடவில்லை. ஆனால் மெலிந்திருக்கிறது. "முன்னெல்லாம் ஆளைப் பார்த்து எழுதுவேன். இப்ப, குழாய் எங்க வாங்கப்போறேன்னு கேட்டுட்டு எழுதறேன்" என்றார். அவர் மகன் எம்.பி.ஏ. கடைக்கு வாட்ஸ்அப் நம்பர் போட்டு, விலைப் பட்டியலைத் தினம் அனுப்புகிறான். ஆர்டர் அதில்தான் வருகிறது, குரல் பதிவாக. பத்து ஆர்டருக்கு ஆறாவது "எழுதிக்குங்கண்ணே" என்றுதான் முடிகிறதாம். எழுத நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்தார். கையில் பளபளவென்று ஒரு குழாய். பெயரெல்லாம் வெளிநாட்டுத் தினுசு.

"அண்ணே, ஆன்லைன்ல வாங்கினது. ஒழுகுது. இதுக்கு வாஷர் இருக்குமா?"

பெரியவர் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். ஒரு டப்பாவைக் கவிழ்த்து, தேடி, ஒரு வாஷரை எடுத்துப் பொருத்திக் கொடுத்தார்.

"எவ்வளவுண்ணே?"

"அஞ்சு ரூவா."

"சில்லறை இல்லையே... எழுதிக்குங்களேன்."

"சிமென்ட்டுன்னா எழுதலாம். இதுக்கு ரொக்கம்" என்றார் பெரியவர், சுவரில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டி.